குண்டூசித் தலையும் தண்டின் விறைப்பும்: பாபேஜ் அட்டவணையின் ஒரு வரி குறித்து

சார்ல்ஸ் பாபேஜ் 1832-இல் வெளியிட்ட நூலில் உள்ள குண்டூசி அட்டவணையை, உழைப்பைத் தரம்பிரித்துக் கூலி குறைத்ததற்கான சான்றாகவே ஆய்வுலகம் படித்துவந்துள்ளது. பித்தளைத் தண்டில் பித்தளைத் தலையை ஒவ்வொன்றாகக் கையால் பொருத்தும் முறை நீடித்ததற்குப் பெண்கள், சிறுவர் உழைப்பின் மலிவே காரணம் என்பது அவ்வாசிப்பின் முடிவு. தண்டின் விறைப்பைக் காக்க வேண்டியிருந்ததே முதன்மைக் காரணம் என்று இங்கே வாதிடுகிறேன்.

5,546 ஊசிகள் கொண்ட ஒரு பவுண்டுக்கு மொத்தச் செலவு 12.8732 பென்ஸ், அதில் தலை பொருத்தும் பெண்ணின் கூலி மட்டும் 5 பென்ஸ். நேரக்கணக்கில் 7.6892 மணியில் 4 மணி. 20,000 தலைகளுக்கு 18 பென்ஸ் என்று பாபேஜ் வேறிடத்தில் தரும் கூலிவீதத்தைக் கொண்டு கணக்கிட்டால் 4.99 வருகிறது. ஆக, இந்த வரி எண்ணிக்கைக் கூலியிலிருந்து பிறந்தது. இதுவரை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் மிகக் குறைந்த கூலியிலும் மொத்தச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை விழுங்கிய வேலை இது. மாற்றுவழி தேட முதலாளிகளுக்கு இதைவிடப் பெரிய தூண்டுதல் வேறெந்தப் படியிலும் இல்லை. மலிவு என்ற விளக்கம் இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

பொருத்தும் முறையைப் பார்ப்போம். சுருட்டிய கம்பியிலிருந்து இரண்டு மூன்று சுற்றுகளாக நறுக்கிய தலைகளைப் பழுக்கக் காய்ச்சி இளக்கிக்கொள்வதை 1755-ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் விவரிக்கிறது. தண்டோ இழுத்த கம்பியின் கடினத்தோடு வருகிறது. இளகிய தலை கடினமான தண்டின்மேல் அமர, காலால் உயர்த்திவிடும் 7 முதல் 10 பவுண்டு எடையுள்ள அச்சு விழுகிறது. ஊசியைத் திருப்பித் திருப்பி மேலும் மூன்று நான்கு அடிகள். தண்டு நசுங்காதிருக்க அச்சில் தனிப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். பிறகு வெள்ளீயப் பூச்சும் கொதிநீரிலேயே நடந்தது. கடைசி இழுப்புக்குப் பின் தண்டைக் காய்ச்சியதாக இந்த விவரணைகளில் இல்லை. மௌனத்தைச் சான்றாக்குவதில் இடர் உண்டு என்பதை உணர்ந்தே இதைக் குறிக்கிறேன்.

அந்த இடரைக் குறைப்பது பாபேஜ் நூலிலேயே அட்டவணைக்குச் சில பக்கங்கள் தள்ளி வரும் பகுதி. கம்பியின் நுனியையே குத்தித் தலையாக்கும் இயந்திரம் ஒன்றை அவர் அங்கே எடைபோடுகிறார். அதன் ஊசிகள் எளிதில் வளையும், ஏனெனில் நுனியைத் தலையாகத் திரட்ட வேண்டுமானால் கம்பி இளகிய நிலையில் இருக்கவேண்டும் என்கிறார். அவற்றின் தலை கழலாது என்பதை நிறையாகச் சொல்கிறார். மெலிந்த ஊசியில் விறைப்பும் கழலாத தலையும் ஒன்றையொன்று விலைகேட்கின்றன என்பதைத் தொழிலை நேரில் ஆராய்ந்தவரே இப்படிப் பதிவுசெய்திருக்கிறார். இப்பகுதியை இயந்திர ஆர்வத்தின் பக்கக்குறிப்பாகக் கடந்துபோனவர்கள், அட்டவணையின் மிகப்பெரிய வரிக்கான விளக்கத்தையே கடந்துவிட்டார்கள்.

பற்றவைத்திருக்கலாமே என்பார்கள். வெள்ளிப் பற்றாசு உருகவே 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். இழுத்த பித்தளை அதற்கு வெகு முன்பே தன் கடினத்தை இழந்துவிடும். ஈயப் பற்று அவ்வளவு சூடு கேட்காது. ஆனால் ஆயிரக்கணக்கில் ஒருங்கே பற்றவைத்தால் ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டும். தனித்தனியே செய்தால் அதே கைவேலைதான். இந்த மறுப்பை நீட்டிக்க வேண்டியதில்லை.

பெண்களின் கூலி குறைவாக இருந்ததை நான் மறுக்கவில்லை. அது கொடுமையான குறைவு. அந்தக் குறைகூலி ஒரு பொருத்துமுறையின் செலவைத் தாங்கியது. அம்முறையைத் தேர்ந்தது பித்தளையின் பதம். இயந்திரத்தை எடைபோடும்போது வளைவையும் தலை கழலுதலையும் முதலிரண்டு கூறுகளாக வைத்த பாபேஜ், அவற்றுக்குப் பென்ஸ் கணக்கு எதுவும் தரவில்லை. அட்டவணையை மட்டும் மூலமாகக் கொள்ளும் வாசிப்பில் அவ்விரண்டும் இடம்பெறாமல் போனது அதனால்தான்.