முத்துச் சல்லடையும் நுண்துகளும்



மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் சலாபம் நடைபெற்ற நாட்களில், சிப்பியினின்றும் எடுத்த முத்துக்கு எவரும் உடனே விலை கூறியதில்லை. முதலில் அது சல்லடை ஏறவேண்டும்.

பித்தளைத் தட்டுகள் பத்து. முதல் தட்டில் 20 துளைகள், அடுத்ததில் 30, பின்னர் 50, 80, 100, 200, 400, 600, 800 என்று ஏறி, கடைசித் தட்டில் 1000. தட்டுகள் யாவும் ஒரே அளவின. ஆதலால் துளைகள் பெருகப் பெருக அவற்றின் வாய் சிறுத்துக்கொண்டே போகும். அளவு கண்டபின் உருட்சி, ஒளி என்பன பார்ப்பர். குறைவற்றது ஆணி, கடைசியில் எஞ்சுவது தூள். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அத்தனை முத்தையும் சலித்த கைகளை எண்ணிப் பாருங்கள்!

இன்று ஆய்வுகூடங்களில் ஆக்கப்படும் நானோ துகள்களுக்குச் சல்லடை இல்லை. ஒரு மில்லிமீற்றரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீற்றர்; இத்துகள்கள் 1 முதல் 100 நானோமீற்றர் வரையின. இவை உயிருக்கு நஞ்சாகுமா என்று சோதிக்குமுன் எவற்றை அளந்தறிய வேண்டும் என்பதைச் சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் 2012இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. துகளின் அளவும் வடிவும் யாவை? ஒன்றோடொன்று திரண்டுள்ளதா? எப்பொருளால் ஆனது, கலப்பு உண்டா? மேற்பரப்பின் மின்னேற்றம் என்ன? நீரில் கரையுமா? முத்து வணிகன் கேட்ட கேள்விகளும் இவற்றுக்கு வெகு தூரமல்ல.

இவற்றைக் கேளாது விட்டால் பழி தவறான இடத்தில் விழும். கரிக்குழாய்த் துகளை ஆக்கும்போது இரும்பு, நிக்கல் போன்ற உலோகங்கள் அதில் எஞ்சுவதுண்டு. தீங்கு செய்தது கரியா, உலோகமா? அதைவிட ஆபத்தானது பொய்யான நிம்மதி. நன்னீரில் ஒன்றையொன்று விலக்கி நிற்கும் துகள்கள், உப்புநீரில் அவ்விலக்கு விசை குன்றித் திரண்டு, கட்டியாகி அடியில் படிகின்றன. சோதித்தவர் நுண்துகள் தீங்கற்றது என்று எழுதிவிடுவார், சோதிக்கப்பட்டதோ கட்டி!

முத்துச்சிப்பி பாரிலே ஒட்டியிருந்து, தன்னூடே கடல்நீரை வடித்து இரை கொள்ளும் உயிர். மிதப்பதும் படிவதும் அதற்கு ஒன்றல்ல. ஆகவே மன்னார்க் கடல்நீரில் சிப்பியை வைத்துச் சோதிப்பவர், புட்டியின் மேல் ஒட்டிய அளவை நம்பலாகாது. அந்நீரிலேயே துகளை இட்டு, தொடக்கத்தில் ஒருமுறையும் சோதனை முடிந்தபின் ஒருமுறையும் அளந்து பார்க்க வேண்டும்.