முதல் ஒரு மணி நேரம்: மார்பகப் புற்றுநோய்த் திசுச் சோதனையின் வரலாறும் விழுப்புரம் வட்டாரமும்

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் மருத்துவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார். கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டா? புரோஜெஸ்டிரோன் ஏற்பி உண்டா? ஹெர்2 புரதம் மிகுந்திருக்கிறதா? மூன்றும் இல்லை என்றால் அது ‘ட்ரிபிள் நெகட்டிவ்’. வேகமாகப் பரவக்கூடிய வகை. ஹார்மோன் மாத்திரைக்கும் ஹெர்2 ஊசிக்கும் கட்டுப்படாது. மேலைநாடுகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு இவ்வகை காணப்படுகிறது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் கால் பங்கையும் தாண்டுகிறது. இந்த வேறுபாடு முழுவதும் நோயின் இயல்புதானா, சோதனையின் குறையும் அதில் கலந்திருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1896இல் கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன், சூலகத்தை அகற்றினால் முற்றிய மார்பகப் புற்றும் சுருங்கக்கூடும் என்று காட்டினார். அதன் காரணம் விளங்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரோஜனைப் பின்தொடர்ந்து ஏற்பியைக் கண்டறிந்தார். 1977இல் அமெரிக்காவில், ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டாமாக்சிபென் மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தபோது ஏற்பிச் சோதனைக்கு உடனடித் தேவை எழுந்தது. ஆனால் அன்றைய சோதனைக்கு, வெட்டிய கட்டியை அப்போதே உறையவைத்து, அரைத்து, கதிரியக்க ஹார்மோனுடன் கலந்து அளக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைக்கு அது எட்டாக்கனி.

அந்த நிலையை மாற்றியது எதிர்ப்பொருள். கோலரும் மில்ஸ்டீனும் 1975இல் ஒரே வகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து விளைவிக்கும் வழியைக் கண்டார்கள். ஏற்பியில் ஒட்டும் எதிர்ப்பொருளைச் சாயத்தோடு இணைத்தால், ஏற்பியை நுண்ணோக்கியில் காணலாம். 1991இல், பார்மலினில் பதப்படுத்திய திசுவையும் நுண்ணலை அடுப்பில் சூடாக்கினால் மறைந்த புரதங்கள் மீண்டும் சாயமேற்கும் என்பது வெளியாயிற்று. இவ்வரலாற்றின் பெரிய திருப்பமாக நான் கருதுவது இதைத்தான். அதன்பின் மெழுகில் பதித்த சிறு பாரபின் பிளாக் போதும். அதைப் பேருந்திலேயே கொண்டுபோகலாம்.

ஹெர்2 மரபணு பெருகிய கட்டிகள் கடுமையானவை என்று டென்னிஸ் ஸ்லாமன் குழு 1987இல் நிறுவியது. 1998இல் ஹெர்2ஐத் தாக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி வந்தது. அதன் இந்திய உயிரொப்பு மருந்து 2014இல் விற்பனைக்கு வந்தது. கொடிய வகை என்று அஞ்சப்பட்ட ஒன்று இப்படி மருந்துள்ள வகையாக மாறியது. சோதனை செய்துகொண்டவர்களுக்கு மட்டும்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 798 கட்டிகளைச் சோதித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மூன்றில் ஒரு பங்கு கட்டிகளில்தான் தென்பட்டது. பிற்காலத்தில், திசுவைப் பதப்படுத்தும் முறை சீரான இடங்களில் இந்த விகிதம் உயர்ந்தது. இந்தியப் பெண்களுக்கு இளவயதிலேயே நோய் வருவதும் ஒரு காரணமே. ஆனாலும் பார்மலினில் இடத் தாமதமான திசுவில் ஏற்பி சிதைந்து, உள்ளது இல்லாததாகத் தெரியும். ‘இல்லை’ என்று தவறாக எழுதிய ஒரு வரி, ஒரு பெண்ணுக்கு ஐந்தாண்டு ஹார்மோன் மாத்திரையின் பயனை மறுத்துவிடுகிறது. இன்றைய நெறிமுறை தெளிவானது: வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள் திசு பார்மலினில் இருக்க வேண்டும், ஆறு முதல் எழுபத்திரண்டு மணி நேரம் ஊற வேண்டும். நூற்றுக்கு ஒரு செல் சாயமேற்றாலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ‘உண்டு’ என்பதே 2010 முதல் அளவுகோல்.

விழுப்புரம் வட்டாரத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல்தான் வந்தது. புதுச்சேரி ஜிப்மர், திண்டிவனம் சாலையிலேயே கோரிமேட்டில் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 40 கி.மீ. அந்தத் தொலைவு தடையல்ல. திசு எந்த ஊரில் எடுக்கப்பட்டாலும் அதன் தலைவிதி முதல் ஒரு மணி நேரத்தில், அறுவை அரங்கிலேயே முடிவாகிவிடுகிறது. எத்தனை உயர்ந்த ஆய்வகமும் அதைப் பின்னர் திருத்த முடியாது.

ஆகவே அறுவை மருத்துவர்கள் கட்டியை எடுத்த நேரத்தையும் பார்மலினில் இட்ட நேரத்தையும் பாட்டில் மேலேயே எழுத வேண்டும். குடும்பத்தாரே, அறிக்கையோடு பாரபின் பிளாக்கையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஹெர்2 ‘2+’ என்று, அதாவது முடிவு தெளிவில்லை என்று வந்தால், மரபணுப் பெருக்கத்தை நேரடியாகக் காட்டும் ‘ஃபிஷ்’ சோதனை செய்யாமல் சிகிச்சையை முடிவுசெய்ய விடாதீர்கள்.