ஒரு குரல், இரு கரை

அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஒரு தகப்பன் தன் பதின்பருவ மகனை வீட்டைவிட்டு விரட்டினார். மகன் செய்த குற்றம், ஜாக்கி வில்சன் என்ற பாடகரின் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டது. தகப்பன் ராபர்ட் கிரீன் ஆர்கன்சா மாநிலத்தில் பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டவர். பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு வடக்கே குடிபெயர்ந்தவர். பிள்ளைகளை 'கிரீன் பிரதர்ஸ்' என்ற குழுவாகச் சேர்த்துச் சபை சபையாக அழைத்துப்போய்ப் பாட வைத்தவர். கர்த்தருக்குப் பாடும் வீட்டில் காதல் பாட்டுக்கு இடமில்லை என்பது அவர் கட்டளை.

வெளியேறிய மகன்தான் ஆல் கிரீன். பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் காதலைப் பாடி உலகப் புகழ் பெற்று, பிறகு தகப்பன் வரைந்த கோட்டுக்குள் தானாகவே திரும்பி வந்தவர். அவர் வந்து சேர்ந்த பாதையை அறிய, அவருக்கு முன்னே அந்தக் கோட்டை யார் யார் கடந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் சபைகளில் 'உலகப் பாட்டு' என்று ஒரு சொல் உண்டு. அமெரிக்கக் கறுப்பினச் சபைகளில் அதே பொருளில் இன்னும் கடுமையாகச் சொன்னார்கள்: பிசாசின் பாட்டு. வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய சபை இசையான காஸ்பலுக்கே தகப்பன் என்று பெயர் பெற்ற தாமஸ் டோர்சி அந்தப் 'பிசாசின் பாட்டில்' வளர்ந்தவர். 1920-களில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தார். 1928-இல் இசைக்கலைஞர் டாம்பா ரெட்டுடன் அவர் வெளியிட்ட கொச்சையான ப்ளூஸ் பாட்டு சக்கைபோடு போட்டது. 1932-இல் பிரசவத்தில் மனைவியும் அடுத்து குழந்தையும் இறந்தார்கள். அந்தத் துக்கத்தில் அவர் எழுதியதுதான் 'பிரஷஸ் லார்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாடல். ப்ளூஸின் இழுப்பும் ஏக்கமும் அப்படியே இருந்தன. அவை இப்போது ஜெபமாகின. தொடக்கத்தில் பல சபைகள் அந்த இசையை வாசலிலேயே நிறுத்தின. பின்னர் அதுவே ஆராதனையின் உயிரானது.

எதிர்த்திசையில் கடந்தவர்களும் உண்டு. ரே சார்ல்ஸ் 1954-இல் ஒரு காஸ்பல் பாட்டின் கட்டுமானத்தை எடுத்து, இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்து 'ஐ காட் எ வுமன்' பாடினார். சோல் இசையின் பிறப்பை இந்தப் பாட்டிலிருந்து கணக்கிடுவோர் பலர். 'சோல் ஸ்டிரர்ஸ்' காஸ்பல் குழுவின் முன்னணிக் குரலான சாம் குக், 1956-இல் 'டேல் குக்' என்ற புனைபெயரில் ஒரு காதல் பாட்டை வெளியிட்டார். அதுவும் குழுவின் பக்திப் பாட்டொன்றை மாற்றி எழுதியதே. பெயரை மறைக்கலாம், அந்தக் குரலை எப்படி மறைப்பது? சபையார் உடனே கண்டுகொண்டார்கள். அடுத்த ஆண்டு சொந்தப் பெயரிலேயே 'யூ செண்ட் மீ' பாடி நாட்டின் முதலிடத்தைப் பிடித்தார். அதே 1957-இல் லிட்டில் ரிச்சர்ட் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தை நடுவில் விட்டுவிட்டு, ராக் அண்ட் ரோலைத் துறப்பதாக அறிவித்து, அலபாமாவில் வேதம் படிக்கப் போனார். ஒருவர் வெளியே வந்த வாசல் வழியாகவே இன்னொருவர் உள்ளே போனார்.

பாடகிகளில் அரீத்தா பிராங்க்ளின் ஒரு தனி உதாரணம். போதகரின் மகள், சோலின் அரசி என்று போற்றப்பட்டவர். 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் இரண்டு இரவுகள் பாடிப் பதிவுசெய்த 'அமேசிங் கிரேஸ்' ஆல்பம் இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. அவர் எதையும் துறக்கவில்லை. இரு கரையிலும் ஒரு கால் வைத்து நிற்க அவரால் முடிந்தது. எல்லோராலும் அது முடியவில்லை.

அடுத்த மாதம், 1972 பிப்ரவரியில், பில்போர்டு பட்டியலின் முதலிடத்தில் இருந்தது ஆல் கிரீனின் 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்'.

அந்தப் பாட்டு பிறந்தது மெம்பிஸ் நகரில், பழைய சினிமா கொட்டகை ஒன்றை மாற்றிக் கட்டிய ராயல் ஸ்டுடியோவில். தயாரிப்பாளர் வில்லி மிட்செல் டெக்ஸாஸில் ஒரு நிகழ்ச்சியில் கிரீனைக் கண்டெடுத்தவர். அவர் கிரீனுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: கத்தாதே, மெல்லப் பாடு. பிரசங்க மேடையின் முழக்கத்தில் பழகிய தொண்டை காதருகே கிசுகிசுக்கப் பழகியது. ஹாட்ஜஸ் சகோதரர்கள் மூவர் கிடார், ஆர்கன், பேஸ் வாசிக்க, ஆல் ஜாக்சன் டிரம்ஸில் நடையைப் பிடித்துக்கொடுத்தார். அடுத்த மூன்று ஆண்டுகள் கிரீன் தொட்டதெல்லாம் வெற்றி. அந்தப் பாட்டுகளைக் கவனமாகக் கேட்டால் தெரியும்: வரி முடிந்தபிறகு வரும் முனகல், திடீரென உயரே பறக்கும் குரல், சொல்லில்லாத இழுப்பு எல்லாமே ஆலயத்திலிருந்து வந்தவை.

1973-இல் கலிபோர்னியாவில் ஒரு நிகழ்ச்சி முடிந்த இரவு, ஓட்டல் அறையில் தாம் மறுபடியும் பிறந்ததாக அவர் சாட்சி சொல்லியிருக்கிறார். ஆனாலும் மேடைகள் தொடர்ந்தன. 1974 அக்டோபரில் மெம்பிஸ் வீட்டில் அவருடைய தோழி கொதிக்கும் சோளக்கூழை அவர்மேல் ஊற்றிவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். கிரீனின் முதுகிலும் கையிலும் கடும் தீக்காயம். அவர் மனம் மாறியது அந்தச் சம்பவத்தால்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். அவரோ, அழைப்பு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது என்று சொல்லிவந்தார். 1976-இல் மெம்பிஸின் தெற்கே ஓர் ஆலயத்தை வாங்கி, போதகராக அபிஷேகம் பெற்று, 'ஃபுல் காஸ்பல் டேபர்னகிள்' சபையைத் தொடங்கினார். எல்விஸ் பிரெஸ்லியின் மாளிகைக்குப் பக்கத்து வட்டாரம்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளில் காதல் பாட்டு. இந்த இரட்டை வாழ்க்கை அவரை உள்ளுக்குள் அறுத்தது. அதன் சாட்சியம்தான் 1977-இல் வந்த 'த பெல் ஆல்பம்'. மிட்செலை விட்டுப் பிரிந்து, சொந்த ஸ்டுடியோவில், தாமே கிடார் வாசித்துச் செய்தது. தலைப்புப் பாட்டில் ஒருவன் தன் காதலியிடம், ஆசை உன்மேல் இருந்தாலும் தேவை வேறொருவரிடம் இருக்கிறது என்று விளக்க முயல்கிறான். அவளைப் பழிக்கவில்லை, வெறுக்கவும் இல்லை, புரிந்துகொள்ளக் கெஞ்சுகிறான். ரே சார்ல்ஸும் சாம் குக்கும் தேவனின் இடத்தில் பெண்ணை வைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, கிரீன் அந்தப் பெண்ணிடமே விடைபெறுவது போலப் பாடினார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை இறங்கியது. 1979-இல் சின்சினாட்டியில் மேடையிலிருந்து விழுந்து அடிபட்டபோது, அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு உலகப் பாட்டை நிறுத்தினார்.

கரை மாறுவதென்றால் கடையும் மாற வேண்டும். 1980-இல் அவர் சேர்ந்த நிறுவனம் 'மிர்'. விவிலியத் தமிழில் அது வெள்ளைப்போளம்; சாஸ்திரிகள் குழந்தை இயேசுவுக்குக் கொண்டுவந்த காணிக்கைகளில் ஒன்று. டெக்ஸாஸின் வேகோ நகரில் இருந்த 'வேர்ட்' நிறுவனத்தின் கிளை அது. 1960-களின் இறுதியில் கலிபோர்னிய ஹிப்பி இளைஞர்களிடையே எழுந்த எழுப்புதல், ராக் இசையில் இயேசுவைப் பாடும் புதுப் பாணியைக் கொண்டுவந்தது. அந்தச் சந்தைக்காகவே பில்லி ரே ஹெர்ன் 1972-இல் மிர்ரைத் தொடங்கினார். பதின்வயதிலேயே ஆல்பம் வெளியிட்டு, சமகாலக் கிறிஸ்தவ இசையின் மிகப் பெரிய நட்சத்திரமாக வளர்ந்த ஏமி கிரான்ட் பாடியதும் இதே நிறுவனத்துக்குத்தான்.

இந்தப் பாட்டுகள் பெரும்பாலும் விற்றது கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். கறுப்பின காஸ்பலுக்குத் தனி வானொலி, தனிக் கடை, தனி மேடை. கிராமி விருதிலும் கறுப்பினப் பாடகர்களுக்கு 'சோல் காஸ்பல்' என்று தனி வரிசை. ஒரே ஆண்டவரைப் பாடினாலும் நிறத்தின் கோடு அப்படியே இருந்தது. பாவத்துக்கும் பரிசுத்தத்துக்கும் நடுவே போட்ட சுவரைப் பற்றி ஓயாமல் பேசியவர்கள், சபைக்கும் சபைக்கும் நடுவே நின்ற இந்தச் சுவரைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள் என்பது இந்த வரலாற்றின் வேதனையான பக்கம்.

அதுவரை காதல் பாட்டுகளுக்கு ஒருமுறைகூடக் கிராமி வாங்காத கிரீனுக்கு முதல் கிராமி கிடைத்தது மிர் வெளியிட்ட 'த லார்ட் வில் மேக் எ வே' ஆல்பத்துக்குத்தான். அதையும் சேர்த்துக் காஸ்பலுக்கு மட்டும் எட்டு. 1982-இல் வந்த 'பிரஷஸ் லார்ட்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, டோர்சி மனைவியையும் மகனையும் இழந்து எழுதிய அதே பாட்டு. ப்ளூஸை விட்டு வந்தவர் எழுதியதை, சோலை விட்டு வந்தவர் ஐம்பது ஆண்டு கழித்துப் பாடினார். அதே ஆண்டு பாடகி பாட்டி லபெல்லுடன் பிராட்வேயில் ஒரு காஸ்பல் இசைநாடகத்திலும் நடித்தார்.

அவருக்குப் பின்னாலும் பலர் வந்தார்கள். 'யங் ஹார்ட்ஸ் ரன் ஃப்ரீ' பாடிய காண்டி ஸ்டேட்டன் 1980-களின் தொடக்கத்தில் டிஸ்கோவை விட்டு ஊழியத்துக்கு வந்தார். 1984-இல் உலகப் பாட்டில் முதலிடம் பிடித்த பாடகி டெனீஸ் வில்லியம்ஸ், இரண்டே ஆண்டில் ஹெர்னின் அடுத்த நிறுவனமான ஸ்பாரோவில் பக்தி ஆல்பம் வெளியிட்டார். அதில் வெள்ளையினப் பாடகி சாண்டி பாட்டியுடன் சேர்ந்து பாடிய பாட்டுக்குக் கிராமி கிடைத்தது. சுவரில் ஒரு கதவு திறந்தது.

கிரீன் உலகப் பாட்டை என்றென்றைக்குமாக விட்டுவிடவும் இல்லை. 1988-இல் பாடகி ஆனி லெனக்ஸுடன் ஒரு திரைப்படத்துக்காக, அயலாரை நேசிக்கச் சொல்லும் ஒரு பாட்டைப் பாடினார். மெல்ல மெல்லப் பழைய பாட்டுகளும் மேடைக்குத் திரும்பின. 2003-இல் ராயல் ஸ்டுடியோவுக்குப் போய் மிட்செலுடன் மீண்டும் ஓர் ஆல்பம் செய்தார். 1970-களில் கிரீன் பாடிய மைக்குக்கு ஒன்பதாம் எண். மிட்செல் அதை அவருக்கென்றே பத்திரமாக வைத்திருந்தார். அறுபதை நெருங்கிய போதகர் அதன் முன்னால் நின்று காதலைப் பாடினார். சபையையும் அவர் விடவில்லை. எல்விஸ் மாளிகையைப் பார்க்க மெம்பிஸ் வரும் பயணிகளில் சிலர் ஞாயிறு காலை அந்த ஆலயத்தின் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள், மேடையில் அங்கி அணிந்து நிற்பவர் பிரசங்கத்தின் நடுவே எப்போது பாடத் தொடங்குவார் என்று காத்துக்கொண்டு.