மீன் தீவனச் செரிமான அளவீட்டின் வரலாறு

வளர்ப்பு மீன்கள் உண்ணும் தீவனத்தில் உள்ள புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, தாது உப்புகள் ஆகியவற்றில் எவ்வளவு பங்கு செரித்து உடலில் சேர்கிறது என்பதைக் கணக்கிடுவது செரிமான அளவீடு எனப்படும். ஒரு பொருளில் எவ்வளவு சத்து உள்ளது என்பதை வேதியியல் பகுப்பாய்வு கூறும். அது மீனுக்குப் பயன்படுமா என்பதைக் கூறாது. எடுத்துக்காட்டாக, கோழி இறகில் 80 விழுக்காட்டிற்கு மேல் புரதம் உள்ளது. ஆனால் அது கெரட்டின் என்னும் கடினமான புரதம். நீராவி அழுத்தத்தில் வேகவைத்துப் பதப்படுத்தாவிட்டால் அதன் பெரும்பகுதி செரிக்காமலேயே வெளியேறிவிடும்.

தண்ணீரால் எழுந்த சிக்கல்

ஆடு, மாடுகளில் இந்த அளவீடு எளிது. தின்ற தீவனத்தை எடைபோட்டு, இட்ட சாணம் முழுவதையும் சேகரித்து, இரண்டிலும் உள்ள சத்தைப் பகுப்பாய்வு செய்தால் வேறுபாடு தெரிந்துவிடும். மீனோ தண்ணீருக்குள்ளேயே உண்டு, தண்ணீருக்குள்ளேயே கழிக்கிறது. தின்னாத தீவனம் கரைகிறது. மலம் சிதறிக் கலக்கிறது. எனவே இரண்டையும் முழுமையாக எடைபோடுவது அரிது.

குறிப்பான் முறை

இதற்கு வழிகாட்டியது கால்நடை அறிவியல். 1918-ஆம் ஆண்டு சுவீடனைச் சேர்ந்த எடின், செரிக்காத குரோமிக் ஆக்சைடு என்னும் பச்சை நிறப் பொடியைத் தீவனத்தில் கலந்து அதைக் குறிப்பானாகப் பயன்படுத்தும் முறையை முன்வைத்தார். சத்துகள் குடலில் உறிஞ்சப்பட, குறிப்பான் மட்டும் மிஞ்சி மலத்தில் செறிவடையும். ஆகவே மலம் முழுவதையும் சேகரிக்க வேண்டியதில்லை. ஒரு சிறு மாதிரி போதும்.

ஒரு கற்பனைக் கணக்கு: தீவனத்தில் குறிப்பான் 1%, புரதம் 40%, மலத்தில் குறிப்பான் 4%, புரதம் 16% எனக் கொள்வோம். குறிப்பானின் விகிதம் 1/4. புரதத்தின் விகிதம் 16/40. இரண்டையும் பெருக்கினால் 0.1. அதாவது புரதத்தில் 10% செரிக்கவில்லை; 90% செரித்தது.

1966-இல் ஜப்பானைச் சேர்ந்த புருகாவா, சுகஹாரா ஆகியோர் மீன் தீவன ஆய்வுக்கென, அமிலத்தைக் கொண்டு குரோமிக் ஆக்சைடைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். மீன் ஆய்வுகளில் அது பரவலாகப் பின்பற்றப்பட்டது.

மலம் சேகரிக்கும் முறைகள்

குறிப்பான் கிடைத்தும் சிக்கல் முழுதும் தீரவில்லை. மலம் தண்ணீரில் கிடக்கும்போது அதிலுள்ள சத்து கரைந்துபோகிறது. மேற்கண்ட கணக்கில் மலத்தின் புரதம் 16-இலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தால் விடை 92.5% என வரும். மீன் செரிக்காததையும் செரித்ததாகக் கணக்கு காட்டிவிடும். 1978-இல் வின்டெல் குழுவினர் இந்தக் கரைவிழப்பை ஆராய்ந்து எச்சரித்தனர்.

இதைத் தவிர்க்கப் பல முறைகள் தோன்றின. 1971-இல் அமெரிக்காவின் ஸ்மித், மீனைத் தனி அறையில் அடைத்துக் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவியை விவரித்தார். ஆனால் அடைபட்ட மீனுக்கு அது பெரும் அழுத்தம். 1978-இல் நார்வேயின் ஆஸ்ட்ரெங், குடலின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து எடுத்த பொருளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். வயிற்றை மெல்ல அழுத்திக் கடைக்குடலின் மலத்தை எடுப்பதும் வழக்கமாயிற்று. இதில் கரைவிழப்பு இல்லை. ஆனால் இன்னும் செரித்து முடியாத உணவும் சிறுநீரும் கலந்து, செரிமானம் குறைவாகக் காட்டக்கூடும்.

1979-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோ, ஸ்லிங்கர் ஆகியோர், தொட்டியிலிருந்து வரும் நீரை ஒரு குழாய்த்தம்பத்தின் வழியே செலுத்தி மலத்தை அடியில் படியச் செய்யும் அமைப்பை வெளியிட்டனர். அதே காலத்தில் பிரான்சில் ஷூபேர் குழுவினர், மலம் வெளிவந்த சில நொடிகளில் அதை நீரிலிருந்து தூக்கிவிடும் இயந்திர வலையை உருவாக்கினர்.

குறிப்பான்களும் ஆராயப்பட்டன. குரோமிக் ஆக்சைடு சில மீன்களில் மாவுச்சத்துச் செரிமானத்தைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டியதால், மிகச் சிறிய அளவே தேவைப்படும் இட்ரியம் ஆக்சைடு போன்றவை புழக்கத்திற்கு வந்தன.

பயன்பாடும் முக்கியத்துவமும்

மீன்தூளுக்கு மாற்றாகச் சோயா போன்ற தாவரப் பொருட்களைச் சேர்க்கும்போது இந்த அளவீடு இன்றியமையாதது. பொதுவாக, அடிப்படைத் தீவனம் 70 பங்கும் சோதனைப் பொருள் 30 பங்கும் கலந்து கொடுத்து, அப்பொருளின் செரிமானத்தைத் தனியே கணக்கிடுகின்றனர்.

செரிக்காத சத்து வீணாவதோடு நிற்பதில்லை. குளத்தையும் ஆற்றையும் அடைகிறது. தாவர விதைகளில் பாசுபரசின் பெரும்பகுதி பைட்டேட் வடிவில் இருப்பதால் மீன்களால் அதைச் செரிக்க இயலாது. வெளியேறும் பாசுபரசு நன்னீரில் பாசி பெருகக் காரணமாகிறது. இதனால் பைட்டேசு நொதியைத் தீவனத்தில் சேர்க்கும் வழக்கம் வந்தது. இரைப்பை இல்லாத கெண்டை மீனுக்கோ மீன்தூளின் எலும்பிலுள்ள பாசுபரசும் சரிவரக் கிடைப்பதில்லை. அதைக் கரைக்கும் அமிலம் அதன் குடலில் சுரப்பதில்லை. எனவே ஒரு மீனுக்குக் கண்ட அளவை வேறொரு மீனுக்கு அப்படியே பொருத்த முடியாது.

தவறான அளவு இருபக்கமும் இழப்பைத் தரும். செரிமானத்தை மிகுத்துக் காட்டினால் மீன் வளராது, நீர் கெடும். குறைத்துக் காட்டினால் மலிவான நல்ல பொருள் ஒதுக்கப்படும். எனவேதான் ஓர் அட்டவணையில் செரிமான விழுக்காட்டைக் காணும்போது, அது எந்த மீனுக்கு, எந்தச் சேகரிப்பு முறையில் பெறப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.