சாசனமும் உடன்படிக்கையும்

மாவலியின் வேள்விச்சாலையில் சுக்கிராசாரியர் தடுக்க முயன்றது நீர்வார்ப்பதையே. வாமனன் கையில் நீர் விழுந்த அளவில் தானம் நிறைவெய்தியது. பின்னர் அதை மீட்க வழியில்லை. இத்தனைக்கும் வாமனன் கைம்மாறு ஏதும் தரவில்லை. விலையின்றியே, உரிய முறையினால் உரிமை கைமாறும் இவ்வியல்புதான் தான சாசனத்தை உடன்படிக்கையினின்றும் வேறுபடுத்துவது.

நிலதானம் செய்யும் அரசன் அதனைத் துணியிலோ செப்பேட்டிலோ எழுதுவித்து, தன் முத்திரையும் கையொப்பமும் காலமும் இடவேண்டும் என்று யாஜ்ஞவல்க்ய ஸ்ம்ருதி விதிக்கிறது. வருங்கால அரசர் அறிதற்பொருட்டே இவ்விதி. உடன்படிக்கை தம்முள் இசைந்த இருவரைக் கட்டும்; சாசனமோ இன்னும் பிறவாதாரையும் நோக்கிப் பேசும்.

சோழர்காலத்தில் இவ்விரண்டும் அருகருகே வழங்கின. நொந்தா விளக்குக்கென அளிக்கப்பட்ட ஆடுகளை, பெரும்பாலும் 96 என்னும் கணக்கில், இடையர் ஏற்று நாள்தோறும் உழக்கு நெய் அளக்க இசைந்தனர். ‘சாவா மூவாப் பேராடு’ என்றது, தொகை குன்றாமல் காக்கும் அவர்தம் பொறுப்பை. இங்கே பெறுதலும் தருதலும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. சுந்தர சோழன் அந்தணராகிய அமைச்சர் அநிருத்தப் பிரமாதிராயருக்கு நிலமளித்த அன்பில் செப்பேடுகளோ தான சாசனம். திருவரங்கத்து எம்பெருமானிடம் ஈடுபட்ட அவரது குடியின் பெருமையை அது விரித்துரைக்கிறது. ஆயினும் அப்பெருமை நிலத்தின் விலையாக எழுதப்படவில்லை.

இந்நாளைய சட்டமும் இவ்வேறுபாட்டைப் போற்றுகிறது. மறுபயன் இல்லாத உடன்படிக்கை, சில விலக்குகள் தவிர, செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டப்படி தானத்துக்கு மறுபயன் வேண்டா. ஆயினும் பெறுபவர் அதனை ஏற்கவேண்டும். அசையாச் சொத்தாயின் பதிவும், குறைந்தது இரு சாட்சிகளும் வேண்டும்.

ஏற்றல் இன்றியமையாதது, ஆனால் அது விலையன்று. ப்ரபத்தியைப் பற்றிய பூர்வாசார்யர்களின் விசாரம் இந்நுட்பத்தை ஒட்டியே செல்கிறது. சேதநன் பக்கல் வேண்டுவது விலக்காமையே என்பது பிள்ளைலோகாசார்யர் திருவுள்ளம். ப்ரபத்தி வ்யாஜமாத்ரம் என்பது வேதாந்த தேசிகர் நிர்வாஹம். இருவர் நெறியும் பல இடங்களில் வேறுபடும். எனினும் ப்ரபத்தியைப் பேற்றுக்கு விலையாகக் கொள்ள இருவரும் இசைந்திலர். சரணாகதியை உடன்படிக்கையாகப் படிப்பவன் தன் செயலின் குறைகளை எண்ணி அஞ்சுவான். தானமாக உணர்ந்தவனுக்கு, நீரேற்க விரித்த கையே போதும்.