புகார் வருமுன் குழு அமைப்போம்!

தீ விபத்துக்குக் காப்பீடு செய்யும் நிறுவனங்கள், கொதிகலனை ஆண்டுதோறும் ஆய்வு செய்யும் நிறுவனங்கள், பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலையும் ஓர் ஆபத்தாகக் கருதி முன்னேற்பாடு செய்வது குறைவே. புகார் வந்த பின்னரே பலர் சட்டத்தைப் புரட்டுகின்றனர்.

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி, 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டித் தொடுக்கப்பட்ட விசாகா வழக்கில், 1997-இல் உச்சநீதிமன்றம் வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. அவை சட்டமாக மேலும் 16 ஆண்டுகள் ஆயின.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் ஒவ்வொரு நிறுவனமும் உள்ளகப் புகார்க் குழுவை அமைக்க வேண்டும். கிளைகள் வெவ்வேறு இடங்களில் இருப்பின், ஒவ்வொன்றிலும் குழு தேவை. தலைவர், உயர் பொறுப்பிலுள்ள பெண்ணாக இருத்தல் வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேரேனும் பெண்களாகவும், ஒருவர் தொண்டு நிறுவனம் போன்ற வெளி அமைப்பைச் சார்ந்தவராகவும் இருத்தல் அவசியம். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களிலும், முதலாளி மீதே புகார் எழும்போதும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர், வீட்டுப் பணியாளர் ஆகியோருக்கும் இச்சட்டம் பொருந்தும்.

சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணமிருப்பின் குழு மேலும் மூன்று மாதங்கள் அனுமதிக்கலாம். விசாரணையை 90 நாள்களில் முடித்து, அடுத்த 10 நாள்களில் அறிக்கை தர வேண்டும். பரிந்துரையின் மீது 60 நாள்களுக்குள் செயல்படுவது முதலாளியின் கடமை.

முதலாளிகள் பெரிதும் தவறுவது இரண்டு இடங்களில். முதலாவது, பணம் கொடுத்துச் சமரசம் செய்வது. பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டாலொழிய சமரசத்துக்கு இடமில்லை. அப்போதும் பணம் அதற்கு அடிப்படையாகக் கூடாது. இரண்டாவது, அவசரம். கோவாவில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் பணிநீக்கத்தை 2023-இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது; குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிய வாய்ப்பளிக்காமல் விசாரணை விரைந்து முடிக்கப்பட்டதே காரணம். முறை தவறிய விசாரணையால் புகார் அளித்தவரே மீண்டும் அலைக்கழிக்கப்படுகிறார்.

குழு அமைக்காவிடில் ரூ.50,000 வரை அபராதம். மீண்டும் தவறினால் இரு மடங்கு தண்டனையும், உரிமம் ரத்தாகும் வாய்ப்பும் உண்டு. பெரிய நிறுவனத்துக்கு இத்தொகை பொருட்டன்று. பொருளியல் நோக்கில், சொல்லாமலே வேலையை விட்டு நிற்கும் தேர்ந்த பெண் தொழிலாளியே பெரும் இழப்பு. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட தமிழ்நாடு இதை எளிதாகக் கருத இயலாது.

நான் அங்கம் வகித்த கல்லூரிக் குழு ஒன்றுக்கு ஓராண்டாகப் புகாரே வரவில்லை. பெருமையுடன் அறிக்கை எழுதினோம். உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் விடுதி வாயிலில் ஒட்டப்பட்ட பின்னரே முதல் புகார் வந்தது. அந்த மாணவி ஓராண்டாகக் காத்திருந்தார்.

எங்கள் நிறுவனத்தில் புகாரே இல்லை என்று மகிழும் முதலாளிகள், யாரிடம் புகார் அளிப்பது என்பது தம் தொழிலாளர்களுக்குத் தெரியுமா என்று முதலில் கேட்டறிய வேண்டும்.