ஐரிஸ்

ஐரிஸ் என்பது கிரேக்கத் தொன்மத்தில் வானவில்லின் தேவதை. தௌமாஸுக்கும் எலெக்த்ராவுக்கும் மகளான இவள், ஹோமரின் இலியட் காவியத்தில் தேவர்களின் தூதாக வருகிறாள். பல நிறம் காட்டும் பொருள்களுக்கு இவள் பெயரை இடுவது பின்னர் வழக்கமாயிற்று. ஸ்மித்சன் டென்னன்ட் 1803இல் கண்டறிந்த உலோகத்தின் உப்புகள் வெவ்வேறு நிறங்களில் இருந்ததால் அதற்கு இரிடியம் என்று பெயரிட்டார். ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் 1847இல் லண்டனில் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றும் ஐரிஸ்தான்.

தாவரவியலில் ஐரிஸ் ஒரு பேரினம். ஏறக்குறைய 300 இனங்கள் கொண்டது. குங்குமப்பூச் செடியும் இதே குடும்பம். மூன்று இதழ்கள் நிமிர்ந்தும் மூன்று தாழ்ந்தும் இருப்பது பூவின் அடையாளம். காஷ்மீரில் இதை அடக்கத்தலங்களில் நட்டு வளர்ப்பார்கள். இதன் வேர்த்தண்டைச் சில ஆண்டுகள் உலர்த்தி வாசனைத் திரவியம் செய்கிறார்கள். வான்கா 1889இல் இப்பூக்களை ஓவியமாகத் தீட்டினார். புள்ளியியலிலும் இதற்கு இடமுண்டு: எட்கர் ஆண்டர்சன் திரட்டிய மூன்று இனங்களின் 150 பூக்களின் அளவுகளை ரொனால்ட் ஃபிஷர் 1936இல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். இயந்திரக் கற்றல் படிப்பவர்கள் பலர் இன்றும் அந்த அட்டவணையில் பயிற்சியைத் தொடங்குகிறார்கள்.

இத்தனை பொருள்களிலும் நமக்கு மிக நெருக்கமானது கண்ணில் உள்ள ஐரிஸ். தமிழில் கருவிழிப் படலம் என்றும், இலங்கைப் பாடநூல்களில் கதிராளி என்றும் வழங்கும் இது, கார்னியாவுக்கும் லென்ஸுக்கும் நடுவே இருக்கும் வட்டத் திரை. திரையின் நடுத்துளையே பாவை. வெளிச்சம் கூடினால் வட்டத்தசை சுருங்கிப் பாவை 2 மி.மீ. வரை குறுகும், இருட்டில் ஆரத்தசை இழுக்க, 8 மி.மீ. வரை விரியும். கேமராவில் ஒளியை அளந்து விடும் பகுதிக்கும் ஐரிஸ் என்ற பெயர் இதனால்தான்.

கண்ணின் நிறத்தை முடிவு செய்வது இதில் உள்ள மெலனின். நீலக் கண்ணில் நீல நிறமி கிடையாது. மெலனின் குறைவாக இருப்பதால் ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது. கருவிலேயே உருவாகும் இதன் இழையமைப்பு இரட்டையருக்குள்ளும் வேறுபடும்; ஒருவரின் இடக்கண்ணும் வலக்கண்ணும்கூட ஒத்திருப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் கணித முறையைக் கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மன் 1990களில் உருவாக்கினார். ஸ்டீவ் மெக்கரி 1984இல் படமெடுத்த ஆப்கன் சிறுமியின் அடையாளத்தை 2002இல் உறுதிசெய்ய உதவியதும் அதுவே. ஆதாருக்காக இரு கருவிழிகளையும் பதிவது இந்த அடிப்படையில்தான். தேய்ந்த கைரேகையைக் கருவி ஏற்காதபோது உழைப்பாளிகளுக்கும் முதியவர்களுக்கும் இது பெரிய உதவி.

ஐரிஸைப் பார்த்தே உடலின் எல்லா நோய்களையும் சொல்லிவிடலாம் என்பது தவறான நம்பிக்கை. அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளை வைத்து நடத்தி 1979இல் வெளியிட்ட ஆய்வில் அம்முறை தோற்றது. ஆனால் ஐரிஸுக்கே அழற்சி வருவதுண்டு. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால், கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். கவனிக்காமல் விட்டால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம். உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.